பழைய படம் எங்கே?

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து முதல் பேருந்தில் புறப்பட்டு, காலை எட்டு மணிக்கெல்லாம் எங்கள் நுரையீரல் பிரிவின் வாசலில் வந்து அமர்ந்திருந்தார் அந்தத் தொழிலாளி. வயது 58. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் களிமண்ணையும் குவார்ட்ஸ் பொடியையும் கலக்கும் வேலையில் இருந்தவர். உடன் அவர் மனைவியும் வந்திருந்தார். இரண்டு நாட்களுக்கு முன் சனிக்கிழமை எடுத்த மார்பு சி.டி. ஸ்கேனில், வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு முடிச்சு தெரிந்தது.

இத்தகைய முடிச்சைக் கண்டால் நாங்கள் முதலில் தேடுவது பழைய படத்தை. பீங்கான் வேலையில் எழும் சிலிக்காத் தூசு நுரையீரலில் படிந்து, பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில், மேற்பகுதிகளில் சிறு சிறு முடிச்சுகளை உண்டாக்கும். திடமான ஒரு முடிச்சு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அளவு மாறாமல் இருந்தால், அது தீங்கற்றதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. புதிதாக முளைத்ததாயின் புற்றுநோயா, காசநோயா என்று தேடியாக வேண்டும். சிலிக்காப் படிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் கூடுதல். மார்பின் வழியே ஊசி செலுத்தித் திசு எடுக்க நேரலாம். அவ்வாறு எடுக்கையில் நுரையீரலிலிருந்து காற்று கசிந்து, படுக்கையில் சேர்க்கும் நிலையும் சிலருக்கு வருவதுண்டு. ஆகவே பழைய படம் என்பது எங்களுக்கு அலமாரிக் குப்பையன்று. இன்றைய நுரையீரலை இன்னொரு முறை படமெடுக்கலாம். மூன்றாண்டுக்கு முந்தைய நுரையீரலை எந்தக் கருவியாலும் இனிப் படமெடுக்க இயலாது.

அவருக்கு மூன்றாண்டுகளுக்கு முன் நம் மருத்துவமனையிலேயே ஒரு ஸ்கேன் எடுக்கப்பட்டிருந்தது. கணினியில் அவர் பெயர் இருந்தது, தேதி இருந்தது. படத்தைத் திறக்க முயன்றபோது திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. பிறகு, அணுக இயலவில்லை என்று ஒரு வரி. அவருக்கு அடுத்து வந்த இரண்டு நோயாளிகளின் பழைய படங்களும் அவ்வாறே. முகப்பில் இருந்த ஊழியர் வழக்கமான விடையைச் சொல்லிவிட்டார்: "சர்வர் டவுன். நாளைக்கு வாங்க."

அந்த அம்மையார் எங்களிடம் வந்து கேட்டது ஒரே கேள்வி: "பழைய படம் அழிஞ்சு போச்சுங்களா, டாக்டர்?"

எங்களுக்கு அப்போது விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் சற்றுத் தயங்கினோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தத் தயக்கமே.

நடந்தது இது. ஸ்கேன் எடுத்ததும் படங்கள் படக் காப்பகம் எனப்படும் சர்வருக்குச் செல்கின்றன. அண்மைக் காலப் படங்கள் சில மாதங்கள் வரை அந்தச் சர்வரின் உள்வட்டிலேயே இருக்கும். பழையவை தனி அறையில் உள்ள பெரிய சேமிப்புப் பெட்டிக்கு மாறிவிடும். சர்வருக்கும் சேமிப்புப் பெட்டிக்கும் இடையே இரண்டு சுவிட்சுகள், அவற்றை இணைக்கும் ஒளியிழைக் கம்பிகள். ஒரு வழி அடைபட்டால் மறுவழியில் படம் வரட்டும் என்பதற்காகவே எல்லாம் இரண்டிரண்டு. நோயாளிகளின் பெயர்ப்பட்டியலோ வேறொரு வட்டில் இருக்கிறது. அதனால்தான் பெயர் தெரிந்தது, சனிக்கிழமைப் படம் திறந்தது, மூன்றாண்டுக்கு முந்தைய படம் மட்டும் வரவில்லை.

சுவிட்சுக்குள் நிலையாகப் பதிந்து அதை இயக்கும் அடிப்படை மென்பொருளை ஃபர்ம்வேர் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு சுவிட்சுகளின் ஃபர்ம்வேரும் அடுத்தடுத்துப் புதுப்பிக்கப்பட்டிருந்தன. புதுப்பித்ததில் தவறில்லை, பாதுகாப்புக் குறைகளை அடைக்க அது தேவைதான். வேலை முடிந்து பார்த்தபோது சேமிப்புப் பெட்டியில் பச்சை விளக்கு. சுவிட்சுகளிலும் பச்சை விளக்கு. நலம் என்று எழுதிக் கையொப்பமிட்டு வீட்டுக்குச் சென்றுவிட்டார்கள். பழைய படம் ஒன்றை மருத்துவரின் திரையில் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

திங்களன்று கணினிப் பிரிவினர் தேடத் தொடங்கியபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி எங்களுக்கு மிகவும் பழக்கமானது: கடைசியாக மாறியது எது? உடலெங்கும் தடிப்போடு வருபவரிடம், புதிதாக என்ன மாத்திரை தொடங்கினீர்கள் என்று நாங்கள் கேட்பதும் அதற்காகத்தான். சேமிப்புப் பெட்டியை நேராகச் சோதித்ததில் படங்கள் யாவும் பத்திரமாக இருந்தன. ஆனால் சர்வரின் கண்ணுக்குப் பெட்டியே புலப்படவில்லை. முதல் வழியில், புதிய ஃபர்ம்வேரும் சர்வரில் இருந்த பழைய இணைப்பு அட்டையும் தமக்குள் வேகத்தைப் பேசி முடிவு செய்ய இயலாமல் தொடர்பை ஏற்படுத்துவதும் அறுப்பதுமாக இருந்தன. இரு முனைகளிலும் ஒரே வேகத்தைக் கையால் நிர்ணயித்ததும் அது அடங்கியது. சரி, இரண்டாம் வழி ஏன் கைகொடுக்கவில்லை? அலமாரியின் பின்புறம் ஒளியிழைக் கம்பி ஒன்று கூர்மையாக மடிந்து கிடந்தது. அது என்று மடிந்ததோ! முதல் வழி ஒழுங்காக இயங்கிய காலமெல்லாம் இரண்டாவது செத்துக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு சிறுநீரகம் பழுதானவர், மற்றதும் பழுதாகும்வரை அறியாமல் இருப்பதைப் போல.

இங்கே கணினிப் பிரிவினரைப் பாராட்டவும் வேண்டும். நடுவில் ஒரு கட்டத்தில் சர்வர், அறிமுகமில்லாத வட்டு ஒன்று உள்ளது, அதைப் புதிதாகத் தயார்செய்யவா என்று கேட்டது. அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்தியிருந்தால், அம்மையாரின் அச்சம் மெய்யாகியிருக்கக்கூடும். அவர்கள் அழுத்தவில்லை. எல்லாவற்றையும் அணைத்துப் போடுங்கள் என்று நாங்கள் கொடுத்த தொல்லைக்கும் அவர்கள் இணங்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதன் பின் ஒரு சோதனை என்று பொறுமையாகச் சென்றார்கள். செவ்வாய் நண்பகலில் பழைய படங்கள் திரும்பின.

இது நமக்கு மட்டும் நேர்வதன்று. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 2016 அக்டோபரில் சேமிப்புப் பெட்டியின் ஒரு பாகம் பழுதாகி, அதை மாற்றியபோது ஃபர்ம்வேரில் இருந்த குறையினால் பெட்டி முழுதும் நின்றது. முழுமையான காப்புநகல் இல்லாத சில தரவுகள் மீளவே இல்லை. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. பல நாடுகளில் மருத்துவமனைகளின் பணி தடைப்பட்டது, நம் விமான நிலையங்களில் விமானமேறும் அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். டெல்லி எய்ம்ஸில் 2022 நவம்பர் 23 அன்று நிகழ்ந்தது வேறு வகை, அது வெளியாரின் தாக்குதல். ஆயினும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பதிவும் பரிசோதனை முடிவுகளும் காகிதத்தில் நடந்தபோது வரிசையில் நின்றவருக்கு அந்த வேறுபாடு பெரிதாக இருந்திராது.

எங்கள் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறோம். 'சர்வர் டவுன்' என்பது நோயாளிக்குச் சொல்லத்தக்க விடையாகாது. நாளை வா என்றால், கருவேப்பிலங்குறிச்சிக்காரருக்கு இன்னொரு நாள் கூலி போகிறது, இருவருக்குப் பேருந்துக் கட்டணம் போகிறது, அதற்கும் மேலாக ஓர் இரவு உறக்கம் போகிறது. எந்தப் படம் கிடைக்கவில்லை, அது அழிந்ததா அல்லது வழிதான் அடைபட்டதா, அது இல்லாமலே இன்று முடிவு செய்யக்கூடியது எது, காத்திருக்க வேண்டியது எது: இவற்றை நீங்கள் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். எங்களுக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வது எங்கள் கடமை. இயந்திரக் கோளாறுகளை நோயாளியிடம் சொன்னால் வீணாக அஞ்சுவார்கள் என்று எங்களில் சிலர் வாதிடுகிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவரின் அச்சத்தை அந்தத் திங்களன்று நேரில் பார்த்தோம். அவசர நிலையில் காத்திருக்கவே தேவையில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்: வலையமைப்பு முழுதும் நின்றாலும், அன்று எடுத்த ஸ்கேனை அந்த ஸ்கேன் கருவியின் திரையிலேயே மருத்துவர் சென்று பார்க்கலாம்.

இன்னொன்று உங்கள் உரிமை பற்றியது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002 ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி உள்நோயாளியின் மருத்துவ ஆவணங்களை மருத்துவர் மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தூசு தந்த நோயோ பத்து ஆண்டுக் கணக்கில் வளர்வது. மூன்றாண்டுக் காப்பு அதற்குப் போதாது. ஆகவே ஒவ்வொரு சி.டி. ஸ்கேனின் முழுப் படத்தொகுப்பையும் குறுந்தகட்டில் எழுதி, கேட்காமலே நோயாளியின் கையில் கொடுக்கும் வழக்கம் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். செலவு என்கிறார்கள். ஒரு குறுந்தகட்டின் விலை தேவையற்ற ஒரு திசுப் பரிசோதனையின் செலவோடு ஒப்பிடத்தக்கதே இல்லை. வாங்கிய குறுந்தகட்டை வீட்டில் பிள்ளைகளிடம் கொடுத்து ஒரு பென்டிரைவிலும் நகலெடுத்து வையுங்கள். பிலிமை மடிக்காதீர்கள், ஈரம் படாத, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கைப்பேசியில் பிடித்த படம், ஒன்றுமில்லாததற்கு மேல், அவ்வளவே. ஒரு சென்டிமீட்டர் முடிச்சை அதில் அளக்க எங்களால் இயலாது.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம். எங்கள் தயக்கத்தைக் கண்ட அம்மையாரே, "வீட்ல பிலிம் இருக்குதுங்க, கொண்டாரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். மாலை நான்கு மணிக்கு மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்தார். புடவைகளுக்கு அடியில் மூன்றாண்டுகள் தட்டையாகக் கிடந்த பெரிய உறை. ஒரு பிலிமில்கூடக் கறை இல்லை. பிலிமைப் பின்னொளியில் பார்க்கும் பெட்டியைத் தேடிப் பிடித்துத் தூசு தட்டினோம். அதன் இரண்டு குழல்விளக்குகளில் ஒன்று எரியவில்லை. எரிந்த பாதியில் பிலிமை வைத்துப் பார்த்தோம். வலது நுரையீரலின் மேற்பகுதியில், அதே இடத்தில், அதே அளவில் அந்த முடிச்சு இருந்தது. ஊசி வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். மறுநாள் காப்பகத்திலிருந்து மீண்ட படத்தில் அளந்து பார்த்தும் மாற்றம் ஏதுமில்லை.

கணினிப் பிரிவினர் இப்போது எந்தப் புதுப்பிப்புக்கு முன்னும் இரண்டு வழிகளையும் தனித்தனியே சோதிக்கிறார்கள். ஒரு சுவிட்சைப் புதுப்பித்தபின் சில நாட்கள் பொறுத்தே மற்றதைத் தொடுகிறார்கள். முடித்ததும் எங்கள் பிரிவுக்கு வந்து, ஐந்தாண்டுக்கு முந்தைய படம் ஒன்றை எங்கள் திரையில் திறந்து காட்டிய பிறகே கையொப்பமிடுகிறார்கள். நாங்களும் எங்கள் பங்குக்கு அந்தப் பெட்டியின் குழல்விளக்கை மாற்றிவிட்டோம்.