வார்ப்பிரும்பு எவ்வளவு தாங்கும்?

பாரமேற்றும் வண்டிக்காரன் இரண்டு கணக்குகளை அறிந்திருத்தல் வேண்டும். மாடு எவ்வளவு இழுக்கும் என்பது ஒன்று. அச்சு எவ்வளவு தாங்கும் என்பது மற்றொன்று. முதற் கணக்கை மட்டும் கற்றுக்கொண்டு புறப்படுபவன் நடுவழியில் நிற்க நேரிடும். அந்த இரண்டாவது கணக்கையே இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்கிறோம். அதற்கு உதாரணமாக அமைவது, அமெரிக்காவில் வளர்ந்து பிற நாடுகளுக்கும் பரவியுள்ள 'டிராக் ரேஸ்' என்னும் நேர்ப்பாதைக் கார்ப் பந்தயமாகும். வேகத்தில் மோகங்கொண்ட இளைஞர்களுக்கும், பொறியியல் பயில விரும்பும் மாணவர்களுக்கும், அவர்தம் பெற்றோருக்கும் இதில் அறிய வேண்டியவை உள.

பந்தயத்தின் முறை மிக எளிது. நேரான பாதையில் இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் புறப்பட்டு, கால் மைல், அதாவது 1,320 அடி தூரத்தை முதலிற் கடப்பது வெல்லும். வீதிகளிற் கண்டபடி ஓட்டிப் பந்தயம் வைத்த இளைஞர்களை ஓர் ஒழுங்கான பாதைக்குக் கொண்டுவரும் நோக்கத்தோடு, வொலி பாக்ஸ் என்பவர் 1951 ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய ஹொட் ரொட் சங்கத்தை நிறுவினார். இன்று பத்து விநாடியில் கால் மைலைக் கடக்கும் கார், முடிவுக் கோட்டைத் தாண்டும்போது மணிக்குச் சுமார் 130 மைல் வேகத்தில் இருக்கும். அத்தகைய கார்களைப் பலர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே அமைத்து விடுகின்றனர்.

இவ்வளவு வலு எங்கிருந்து வருகிறது? எஞ்சின் என்பது காற்றையும் எரிபொருளையும் உண்டு உழைக்கும் யந்திரம். அதிகக் காற்றைப் புகட்டினால் அதிக எரிபொருளை எரிக்கலாம். வலுவும் அதற்கேற்ப உயரும். கழிவாக வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டிற் பூட்டிய மற்றொரு சக்கரத்தினாற் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவியே டர்போ. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரட் பூஹி என்னும் பொறியியலாளர் 1905 ஆம் ஆண்டிலேயே இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். 1962 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில், செவ்ரோலட் கம்பனிகள் இதனைப் பொருத்திய கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. கடல் மட்டத்திலே காற்றின் இயல்பான அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல். டர்போ இன்னுமொரு 14.7 இறாத்தலைச் சேர்த்தால், எஞ்சின் உட்கொள்ளும் காற்று ஏறக்குறைய இரட்டிக்கும்.

மாட்டின் பலம் இவ்விதம் கூடிவிட்டது. இனி அச்சைப் பார்ப்போம். சிலிண்டர்கள் குடையப்பெற்ற, கிராங்க் தண்டைத் தன் அடியிற் சுமக்கின்ற பெரிய வார்ப்பினையே 'புளொக்' என்கிறோம். பிஸ்டனை மாற்றலாம், தண்டை மாற்றலாம், வால்வுகளை மாற்றலாம். ஆனால் புளொக் என்பது வீட்டின் அத்திவாரம் போன்றது. தொழிற்சாலையில் வார்த்த புளொக்கையே வைத்துக்கொண்டு டர்போ பொருத்தி ஓடுவோர், அது எத்தனை குதிரைவலுவைத் தாங்கும் என்று கேட்பது இயல்பே. அவ்விதம் அதிகமாகக் கேட்கப்பட்ட புளொக்குகளுள் ஒன்று போர்ட் கம்பனியின் 302 ஆகும்.

302 என்பது கன அங்குலத்தில் அந்த எஞ்சினின் கொள்ளளவு. ஏறக்குறைய ஐந்து லீற்றர். இந்தக் குடும்பத்து வி-8 எஞ்சின் 1962 ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் 221 கன அங்குலத்துடன் அறிமுகமாயிற்று. பாரத்தைக் குறைப்பதற்காக மெல்லிய சுவருடன் வார்க்கும் முறை அதிற் கையாளப்பட்டது. பின்னர் 260, 289 எனப் பெருத்து, 1968 இல் 302 ஆகியது. 1987 ஆம் ஆண்டின் மஸ்டாங் காரில் அதன் வலு 225 குதிரைவலு. அந்த அளவுக்கு அப்புளொக் தாராளமாகப் போதும். மலிவான விலையில் எங்கும் கிடைத்தமையால் இளைஞர்கள் அதனை வாங்கி டர்போ பூட்டினர். 300, 400 என வலு ஏறியது. 500 குதிரைவலுவின் அயலில் புளொக்குகள் வெடிக்கத் தொடங்கின. ஏதோ ஒரு மூலையில் அல்ல. நெடுக்காக, இரண்டு பாதியாகப் பிளந்தன.

இதன் காரணத்தை அறிய மாணவர்கள் பென்சிலைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம். எனவே பிஸ்டன் தலையின் பரப்பு ஏறக்குறைய 12½ சதுர அங்குலம். டர்போ இல்லாதபோது எரிதலின் உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 1,000 இறாத்தல் என வைத்துக்கொண்டால், பிஸ்டனை அழுத்தும் விசை 12,500 இறாத்தல். அதாவது ஐந்தரைத் தொன். அமுக்கம் இரட்டித்தால் விசை பதினொரு தொன். நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 50 தடவை இந்த அடி விழும். எட்டுச் சிலிண்டர்களையும் சேர்த்தால், பத்து விநாடி ஓட்டத்திலே 4,000 அடிகள்.

இவ்வடி எங்கே போய் விழுகிறது? பிஸ்டன் கிராங்க் தண்டைக் கீழே தள்ளுகிறது. தண்டைத் தாங்கும் பெயரிங் மூடிகள் அதனைப் பிடித்து நிறுத்துகின்றன. அம்மூடிகளோ போல்ட்டுகளாற் புளொக்கின் குறுக்குச் சுவர்களிற் பிணைக்கப்பட்டுள்ளன. ஆகவே கீழே தள்ளும் விசை முழுவதும் அந்தச் சுவர்களை இழுக்கும் விசையாக மாறுகிறது. வார்ப்பிரும்பின் குணம் நாம் அறிந்ததே. அமுக்கினாற் பொறுக்கும், இழுத்தாற் பொறுக்காது. உருக்கைப் போல் வளைந்து எச்சரிப்பதுமில்லை. 302 புளொக்கில் ஒவ்வொரு பெயரிங்குக்கும் இரண்டு போல்ட்டுகள் மாத்திரமே. குறுக்குச் சுவர்களும் மெல்லியவை. வெடிப்பு பெயரிங் இருக்கையில் தோன்றி, வால்வுகளை இயக்கும் தண்டின் துளை வழியாக மேலேறி, இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் இடைப்பட்ட பள்ளத்தைச் சென்றடைகிறது. மூடிகளை ஒன்றாகக் கட்டும் இரும்புச் சட்டத்தைப் பூட்டிப் பார்த்தவர் உளர். முறிவது மூடியன்று, அதற்கு மேலுள்ள சுவர் என்பதால் அச்சட்டத்தினாற் பெரும்பயன் விளையவில்லை.

போர்ட் கம்பனியார் இதனை அறியாதவரல்லர். 1969 ஆம் ஆண்டில் வளைவுப் பாதைப் பந்தயத்துக்கெனச் செய்த 'பொஸ் 302' எஞ்சினில், நடுவிலுள்ள மூன்று பெயரிங் மூடிகளுக்கும் நான்கு போல்ட்டுகளை வைத்தனர். நாளாந்தம் ஓடும் காருக்கு அது வேண்டியதில்லையென விட்டனர். வேண்டாத இரும்பைச் சுமந்து திரியும் கார் பெற்றோலை வீணாக்கும் என்ற வகையில், அதுவும் நியாயமான முடிவே.

இனி, 500 என்ற எண்ணை அப்படியே மனனஞ் செய்துகொள்ளலாமா? கூடாது என்பதே நம் கருத்து. குதிரைவலு என்பது இரண்டு பொருள்களின் பெருக்கம்: தண்டைத் திருகும் முறுக்குவிசை ஒன்று; அது சுழலும் வேகம் மற்றொன்று. 500 குதிரைவலுவை நிமிடத்துக்கு 6,000 சுற்றிற் பெறும் எஞ்சினுக்கு 438 இறாத்தல்-அடி முறுக்குவிசை போதும். அதே 500 ஐ 4,000 சுற்றிற் பெறுவதாயின் 657 இறாத்தல்-அடி வேண்டும். காகிதத்தில் இரண்டும் ஒரே வலு. ஆனால் இரண்டாவது எஞ்சினின் சிலிண்டரில் ஒவ்வோர் எரிதலிலும் நிலவும் சராசரி அமுக்கம் ஒன்றரை மடங்கு. புளொக்கு அறிவது குதிரைவலுவையன்று. தன்மீது விழும் அடியையே. ஆகையாற் கைதேர்ந்தவர்கள் குறைந்த சுற்றில் டர்போவின் அமுக்கத்தை அடக்கி வைத்து, சுற்று உயர உயரச் சிறிது சிறிதாக விடுவிக்கின்றனர்.

அதனினும் கொடிய பகை ஒன்றுண்டு. எரிபொருட் கலவை தீப்பொறியிலிருந்து சீராகப் பரவி எரிய வேண்டும். சூடும் அமுக்கமும் மிகுந்தால், எஞ்சிய கலவை தானாகவே ஒரே கணத்தில் வெடித்துவிடும். எஞ்சினில் 'தட்டுதல்' என்று கராஜ்காரர் கூறுவது இதுவே. அப்போது எழும் அமுக்கம் கணிசமாக உயர்ந்து, சம்மட்டி அடிபோல் விழுகிறது. 600 குதிரைவலுவை அமைதியாகத் தாங்கக்கூடிய புளொக்கும் 450 இல் தட்டத் தொடங்கினால் நாசமடையலாம். தரம் உயர்ந்த பெற்றோல், எதனோல் கலந்த எரிபொருள், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் கருவி, தீப்பொறியைச் சற்றுத் தாமதிக்கும் ஒழுங்கு ஆகியன யாவும் இந்தப் பகையைத் தடுப்பதற்கே.

எல்லாப் புளொக்குகளும் 302 ஐப் போன்றவை அல்ல. 1999 ஆம் ஆண்டிலிருந்து செவ்ரோலட் பாரவண்டிகளில் வந்த 4.8, 5.3 லீற்றர் வி-8 எஞ்சின்களைப் பாருங்கள். அவற்றின் வார்ப்பிரும்புப் புளொக் கிராங்க் தண்டின் மையத்தையுந் தாண்டிக் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு பெயரிங் மூடியையும் மேல்நோக்கி நான்கு போல்ட்டுகளும், பக்கங்களிலிருந்து இரண்டு போல்ட்டுகளுமாக ஆறு போல்ட்டுகள் பிடிக்கின்றன. டொயோட்டா சுப்ரா காரில் வந்த மூன்று லீற்றர், 2 ஜே.ஸெட் எஞ்சினில் ஆறு சிலிண்டர்களுக்கு ஏழு பெயரிங்குகள். சிலிண்டர்களின் மேற்புறமும் இரும்பால் மூடிய வார்ப்பு. ஜப்பானில் 280 குதிரைவலு எனக் கூறி விற்கப்பட்ட அதன் புளொக்கை மாற்றாமலே 1,000 குதிரைவலுவைக் கடந்தவர் பலர். ஆக, எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் வரைபடப் பலகையில் ஒருவர் கூட்டிய அல்லது குறைத்த கால் அங்குல இரும்பே இன்றைய பந்தயக்காரனின் விதியை நிர்ணயிக்கிறது.

இங்கேதான் இளைஞர்கள் வழுக்கி விழுகின்றனர். 'ஹொட் ரொட்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகையாளர் பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்திலிருந்து ஒரு 4.8 லீற்றர் எஞ்சினை வாங்கி, இரண்டு டர்போக்களைப் பூட்டிச் சோதித்தனர். அது 1,200 குதிரைவலுவைக் கடந்தும் உடையவில்லை. இதனைப் படித்தவர், தமது எஞ்சினும் அவ்வாறே தாங்கும் என எண்ணுகின்றனர். அச்சோதனையாளர் முதலிற் பிஸ்டன் வளையங்களைக் கழற்றி, அவற்றின் வாயிடைவெளியைக் கூட்டிய பின்பே அமுக்கத்தை ஏற்றினர் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. சூட்டில் வளையம் நீளும். வாய் ஒட்டிக்கொண்டால் இறுகிப் பிஸ்டனை உடைக்கும். மயிரிழை போன்ற அந்த இடைவெளியே எஞ்சினைக் காத்தது. மேலும், சோதனை மேசையில் நின்ற சில விநாடிகள் வேறு. வாரந்தோறும் பாதையில் ஓடுவது வேறு.

காலமும் இக்கணக்கில் ஓர் உறுப்பே. வேறு வகைப் பந்தயமாயினும், பி.எம்.டபிள்யூ கம்பனியின் வரலாறு இதற்குச் சான்று. சாதாரணக் கார்களில் வந்த நான்கு சிலிண்டர்ப் புளொக்கை அடிப்படையாகக் கொண்ட 1.5 லீற்றர் டர்போ எஞ்சினாலேயே 1983 ஆம் ஆண்டில் நெல்சன் பிக்கே போமுலா 1 உலக வெற்றியாளரானார். தகுதிகாண் சுற்றுகளில் அவ்வெஞ்சின் 1,000 குதிரைவலுவைத் தாண்டியதுண்டு. ஆனால் அந்நிலையில் அதற்குச் சில சுற்றுகளே ஆயுள். முழுப் பந்தயத்துக்கு வலுவைக் குறைத்தே ஓட்டினர். ஆகவே எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி, எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்வியின்றி முழுமை பெறாது.

இது வெறும் பணநட்டம் பற்றிய விடயமன்று. முடிவுக் கோட்டை நெருங்குகையிற் புளொக் பிளந்தால், கொதிக்கும் எண்ணெய் பின் சில்லுகளுக்கு அடியிற் சிந்தும். மணிக்கு 130 மைல் வேகத்தில் வழுக்கும் காரை எந்தக் கைத்திறமையும் திருத்தாது. சூடான குழாய்களிற் பட்ட எண்ணெய் தீப்பற்றுவதும் உண்டு. அடுத்த தடத்தில் வருபவனுக்கும் அதே ஆபத்து. அதனாலேயே 302 ஐ நேசிப்போருங்கூட, 500 ஐத் தாண்ட விரும்பினால், பந்தயத்துக்கெனத் தடித்த சுவருடன் வார்க்கப்பட்ட டார்ட் போன்ற கம்பனிகளின் புளொக்குகளை வாங்குகின்றனர். விலை அதிகந்தான். பழைய இரும்புக்கடைப் புளொக்கை மூன்று முறை உடைத்து, மூன்று முறையும் தண்டையும் பிஸ்டனையும் டர்போவையும் இழப்பவன் அதனினும் அதிகம் செலவழிக்கிறான்.

மாணவ நண்பர்களே, ஒரு புளொக் 1,000 குதிரைவலுவைத் தாங்கும் என்று யாரேனும் கூறக் கேட்டால், அதனை மறுக்கவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். மூன்று வினாக்களைக் கேளுங்கள். எந்தச் சுற்று வேகத்தில்? எந்த எரிபொருளைக் கொண்டு? எத்தனை ஓட்டங்களுக்கு? இம்மூன்றுக்கும் விடை கூறுபவர் தாம் உடைத்த புளொக்குகளைப் பற்றியும் உங்களுக்குக் கூறுவார். அவரிடம் அமர்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.