பத்தியத்துக்குத் தனிப்பானை எதற்கு?

பத்தியம் என்றால் நம் வீடுகளில் உடனே ஒரு தனிப்பானை அடுப்பில் ஏறிவிடும். மற்றவர்களுக்குச் சம்பா அரிசிச் சோறும் தீயலும் பப்படமும். பத்தியக்காரருக்கு மட்டும் ஓரமாக ஒரு கிண்ணம் கோதுமைக் கஞ்சி. மூன்று நாள் காய்ச்சலுக்கு அது சரி. நான்காம் நாள் காய்ச்சல் போய்விடும், கிண்ணத்தையும் கழுவிக் கவிழ்த்துவிடலாம். சர்க்கரை வியாதிக்குப் பத்தியம் என்றால் அது ஆயுசு முழுவதற்கும் அல்லவா? அத்தனை வருஷமும் ஒரு மனுஷரைப் பந்தியில் தனியாக உட்கார்த்தி வைக்க முடியுமா, சொல்லுங்கள் சகோதரிகளே!

எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருப்பதாகத் தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 100-க்குள் இருந்தால் நல்லது, 100 முதல் 125 வரை எச்சரிக்கை, 126-ம் அதற்கு மேலும் இரண்டு தடவை வந்தால் வியாதிதான் என்பது கணக்கு. அவருக்கு இரண்டு தடவையும் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. அவருடைய அண்ணாச்சிக்கு இதே வியாதியில், காலில் வந்த புண் ஆறாமல் இரண்டு விரலை எடுக்க வேண்டி வந்தது. அதனால் "கொஞ்சம் பார்த்துச் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற விஷயமாக இது எங்கள் வீட்டில் இல்லை. எங்கள் வீட்டில் மட்டுமா? 2023-ம் வருஷம் வெளியான அகில இந்திய ஆய்வின்படி நம் தேசத்தில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் இந்த வியாதி இருக்கிறது. இந்த இதழைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் மாத்திரை டப்பா இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். "சம்பா அரிசி தின்கிறவனுக்குச் சீனி வியாதி ஏது?" என்றார் ஒரு பெரியவர். சோற்றை வடித்துவிட்டால் சர்க்கரை எல்லாம் கஞ்சியோடு போய்விடும் என்றார் அடுத்த வீட்டு அக்கா. சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டுக்கொள்ளலாம், அது மருந்து என்றார் என் மாமியார். ராத்திரி கேழ்வரகுக் கஞ்சி, அது எத்தனை குடித்தாலும் ஒன்றும் செய்யாது என்றார் இன்னொருவர்.

இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம். நம் சிவப்புச் சம்பா அரிசியில் தவிடு ஓரளவு தங்கியிருக்கிறது. புழுங்கலரிசியும் கூட. பாலிஷ் பண்ணின பச்சரிசியைவிட அது மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 75 கிராம். சிவப்பானாலும் வெள்ளையானாலும் இந்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது. வடித்த கஞ்சியில் போகிற மாவு கொஞ்சம்தான். பெரும்பகுதி சோற்றிலேயேதான் இருக்கிறது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நாரும் உண்டு. மாவுச்சத்தும் 100-க்கு 67 கிராம் உண்டு. அதைக் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் மளமளவென்று ஏறும். கருப்பட்டிக்கு வாசனை உண்டு, ருசி உண்டு, கொஞ்சம் உப்புச்சத்துகள் உண்டு, என்றாலும் அது பனை கொடுத்த சர்க்கரைதான். சுக்குக் காப்பியில் இரண்டு துண்டு கருப்பட்டியைத் தட்டிப் போட்டுவிட்டு "நான் சீனியே தொடுவதில்லை" என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

ஆக எந்த அரிசி என்பதைவிட எத்தனை அரிசி என்பதே பெரிய கேள்வியாக நிற்கிறது. ஒரு நாள் தராசை எடுத்து எங்கள் வீட்டு அரிசி டம்ளரை நிறுத்துப் பார்த்தேன். தலை தட்டி 180 கிராம். மதியத்துக்கு மட்டும் ஆளுக்கு ஒரு டம்ளர் கணக்கில் பொங்குவது எங்கள் வழக்கம். காலை இட்லி, சாயங்காலம் ஏதாவது பலகாரம், ராத்திரி தோசை எல்லாம் தனி. ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2024-ல் புதுப்பித்துக் கொடுத்த கணக்குப்படி, 2000 கலோரி சாப்பாட்டில் அரிசி, கோதுமை, கேழ்வரகு எல்லாம் சேர்த்து நாள் முழுவதற்கும் 250 கிராம்தான். காய், கீரை, கிழங்கு சேர்ந்து 400 கிராம். நம் இலையில் இது அப்படியே தலைகீழாகக் கிடக்கிறது. சோறு மலை, துவரன் ஒரு கரண்டி.

மலையைக் குறைக்கிறது எப்படி? ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் கலகம்தான். வாரத்துக்கு ஒரு பிடி என்று அரிசியைக் குறைத்தேன். இரண்டு மாதத்தில் ஆளுக்கு அரை டம்ளரில் வந்து நின்றது. குறைந்த இடத்துக்குத் தொடுகறி போயிற்று. அத்தோடு பரிமாறுகிற வரிசையையும் மாற்றினேன். இலையில் முதலில் துவரன், அவியல், மீன் அல்லது பயறு. அதைப் பாதி சாப்பிட்ட பிறகே சோறு. காயும் புரதமும் முதலில் உள்ளே போனால், பின்னால் வருகிற சோறு நிதானமாகத்தான் சர்க்கரையாகும். வீட்டிலே விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் இருந்தால் இதைச் சோதித்துப் பாருங்கள். சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் 180-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. அவரவருக்கு டாக்டர் சொல்வதே முடிவு.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்களுக்குச் சோற்றைத் திடீரென்று குறைத்தால், சர்க்கரை தாழ்ந்து வியர்த்து விறுவிறுத்து மயக்கம் வரலாம். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி மருந்தின் அளவைப் பார்த்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும்.

இனி என் அடுக்களைப் பரிசோதனைகளுக்கு வருகிறேன். அவியலில் சேனையும் ஏத்தன்காயும் தள்ளி, தேங்காயைப் பாதியாக்கி, தடியங்காய், புடலங்காய், பயத்தங்காய், முருங்கைக்காய் மட்டும் போட்டுத் தயிரைக் கூட்டினேன். மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, "மக்களே, நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு அவியல்னு பேரு வைக்காதே, ஆஸ்பத்திரிக் கூட்டான்னு வை" என்றார். நியாயம்தான். அதன் பிறகு அவியலை வாரத்துக்கு ஒரு நாள் அவியலாகவே வைக்கிறேன். மற்ற நாள் துவரன்.

தீயலில் மட்டும் அதிசயம் நடந்தது. அரை மூடித் தேங்காய் போடுகிற இடத்தில் கால் மூடிதான் எடுத்தேன். கூடவே ஒரு கைப்பிடி சின்ன உள்ளியை நறுக்கிப் போட்டு, மல்லி வத்தலோடு நன்றாகக் கறுஞ்சிவப்பாக வருகிற வரை சிறுதீயில் வறுத்து, மை போல் அரைத்தேன். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை! வறுத்த தேங்காயின் மணம் அப்படி. தேங்காயால் சர்க்கரை ஏறுகிறது என்று சொல்லவில்லை. அதில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. உடம்பு குறைய வேண்டியவர்கள் அதையும் எண்ண வேண்டும்.

புட்டுக்கு வழக்கமாகப் பழமும் சீனியும். அதற்குப் பதில், குழலில் ஒரு பிடி மாவு, ஒரு பிடி மலர வேகவைத்த சிறுபயறு என்று மாற்றி மாற்றி அடுக்கினேன். உப்பும் துளி சீரகமும் போட்டால் தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம். சிறுபயறில் 100-க்கு 22 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. அரிசியில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். பழம் இல்லாமல் முடியாது என்றால் ஒரு மட்டிப்பழம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின நம் ஊர் மட்டி, சின்னதாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில் உபகாரம். முழு ஏத்தன்பழத்தோடு ஒப்பிட்டால் எத்தனையோ மிச்சம்.

ஓட்ஸும் வாங்கிப் பார்த்தேன். கஞ்சி வைத்தேன், உப்புமா கிண்டினேன், தோசையில் அரைத்தேன். எடுபடவில்லை. மிச்சம் கோழிக்குப் போயிற்று. வேண்டியவர்கள் சாப்பிடட்டும், ஆனால் குறுநொய்யில் பாதிக்குப் பாதி சிறுபயறும் இரண்டு பிடி முருங்கைக்கீரையும் போட்டு வைக்கிற நம் கஞ்சிக்கு அது ஒன்றும் மேலல்ல.

மரச்சீனிக் கிழங்கைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பரப்பினார். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வருவது நின்றபோது, இங்கே எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிந்தது மரச்சீனியால்தான். அப்போது நாமெல்லாம் திருவிதாங்கூர்தானே. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். பஞ்சத்தில் கைகொடுத்த கிழங்கை "விஷம்" என்று திட்ட எனக்கு மனசு வராது. அதற்காக அளவு மறக்கக் கூடாது. நூற்றுக்கு 38 கிராம் மாவுச்சத்து, புரதமோ பெயரளவுக்கு ஒரு கிராம். ஆகையால் மரச்சீனி அவிக்கிற நாளில் எங்கள் வீட்டில் சோறு கிடையாது. ஆளுக்கு நாலு துண்டு, கூட நிறையச் சாளைக் குழம்பு, ஒரு கீரை. நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது வெறும் வழக்கமல்ல. கிழங்கிலுள்ள சயனைடு சேர்ந்த பொருள் அந்த வெந்நீரோடு போகிறது. கசக்கிற கிழங்கென்றால் இரண்டு தண்ணீர் மாற்றுங்கள்.

பிள்ளைகளின் டயட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரி போகிற என் மகள், அப்பாவுக்குச் சோறு குறைவதைப் பார்த்துத் தானும் காலைச் சாப்பாட்டை விட்டாள். வளர்கிற பெண்ணுக்கு அது ஆகாது, காலையில் முட்டையோ பயறோ இல்லாமல் படி இறங்கக் கூடாது என்று சட்டம் போட்டாயிற்று. பிரசவமான என் அக்கா மகளும் மூன்றாம் மாதமே, "சித்தி, வயிறு குறைய நானும் சோறு நிறுத்தட்டா?" என்று போனில் கேட்டாள். கூடவே கூடாது! பால் கொடுக்கிற தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாகவே வேண்டும். பால் கொடுப்பதும் கொஞ்ச தூரம் நடப்பதுமே உடம்பை மெதுவாகக் குறைத்துவிடும். நமக்கும் ஒன்று: பிள்ளைகள் தட்டில் மீந்ததை "வீணாகப் போகுதே" என்று வாயில் போட்டுக்கொள்கிற வழக்கத்தை நிறுத்தினாலே பாதி டயட். கோழி இருக்கிறது, இல்லாவிட்டால் தென்னைமூடு இருக்கிறது.

எங்கள் வீட்டில் அதிகம் செலவாகிற வாழைக்கூம்புப் பயறுத் துவரனின் செய்முறை இதோ. நடுத்தர அளவு வாழைக்கூம்பு ஒன்று. வெளிமடலை உரித்து, பூவின் நரம்பை நீக்கி, பொடியாக அரிந்து மோர்த் தண்ணீரில் போடுங்கள். கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டால் கறை பிடிக்காது. அரை டம்ளர் சிறுபயறைக் குழையாமல் வேகவைத்து வடியுங்கள். மூன்று மேஜைக்கரண்டித் தேங்காய்ப்பூ, இரண்டு பச்சைமிளகாய், இரண்டு பல் பூண்டு, அரை ஸ்பூன் சீரகம், மஞ்சள் இவற்றை ஒன்றிரண்டாகச் சதைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பூன் தேங்காயெண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்து, பூவைப் பிழிந்து போட்டு, உப்பிட்டு மூடி, தண்ணீர் தெளிக்காமல் சிறுதீயில் வேகவிடுங்கள். வெந்ததும் பயறும் சதைத்ததும் சேர்த்து இரண்டு கிளறு கிளறி இறக்குங்கள். நாலு பேருக்குத் தாராளம்.

இதிலே ஒரு சங்கடம் இருப்பதை மறைப்பானேன்? சோறு பொங்க அரிசியைக் களைந்து போட்டால் தீர்ந்தது. தொடுகறி இரட்டிப்பானால் அரிகிற வேலையும் இரட்டிப்பு. வாழைக்கூம்பு அரிய மட்டும் முக்கால் மணி. டாக்டர் சீட்டில் "காய்கறி அதிகம் சேர்க்கவும்" என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார். அந்த ஒரு வரியை அரிவது யார்? இந்தக் கேள்வியை நான் வீட்டில் சத்தமாகவே கேட்டுவிட்டேன். இப்போது ராத்திரி செய்தி பார்க்கிற நேரத்தில் பயத்தங்காய் ஒடிப்பதும் கூம்பு உரிப்பதும் எங்கள் வீட்டுக்காரர் வேலை. காலையில் தேங்காய் துருவுவதும் அவர்தான். துருவி அவர் கைக்குப் போனதிலிருந்து, "இன்னைக்குத் தேங்காய் இவ்வளவு போதாதா?" என்று அவரே கேட்கிறார்.