தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் இரவு வேண்டும்

தொட்டாற்சிணுங்கிச் செடியை இடைவிடாத இருளில் வைத்தாலும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் குவிவதை 1729-இல் பிரெஞ்சு அறிஞர் தெ மெரான் கண்டறிந்தார். அத்தகைய உட்கடிகாரம் ஒன்று மனித உடலிலும் உண்டு. மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே அமைந்துள்ள சுமார் 20,000 நரம்பணுக்கள் அதனை நடத்துகின்றன. வெளிச்சமே அதற்கு நாள்தோறும் நேரம் திருத்தித் தருகின்றது. உடல் வெப்பமும், சுரப்பு நீர்களும், நோயெதிர்ப்பு அணுக்களின் நடமாட்டமும் இதனை அனுசரித்தே ஏறி இறங்குகின்றன.

வைரஸ் நோய்களும் இதற்குப் புறம்பானவை அல்ல. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்ட சோதனையில், ஓய்வு வேளையின் தொடக்கத்தில் ஹெர்ப்பிஸ் வைரஸ் செலுத்தப்பட்ட எலிகளில் அது பத்து மடங்கு அதிகமாகப் பெருகிற்று. பத்து மணி நேரம் கழித்துச் செலுத்தப்பட்டவற்றில் அவ்வாறு பெருகவில்லை. எலிகளிடம் கண்டதனைத்தையும் மனிதருக்கு அப்படியே பொருத்துதல் தகாது. ஆயினும் உடலின் காலக்கணக்கை வைத்தியம் புறக்கணிக்கலாகாது என்பது தெளிவு.

ஆனால், மிகக் கடுமையான நோயாளியையே நாம் காலமற்ற அறையில் கிடத்துகின்றோம். 2020, 2021-ஆம் ஆண்டுகளின் கோவிட் பரவலில் எண்ணற்றோர் சுவாசக் கருவியுடன் பல நாட்கள் அவ்வாறு கிடந்தனர். அங்கு விளக்குகள் அணைவதில்லை. எச்சரிக்கை மணிகள் ஓய்வதில்லை. குழாய் வழி உணவும் பல இடங்களில் இரவு பகலாகச் செலுத்தப்படுகின்றது. மயக்க மருந்து தரும் துயில் இயற்கையான உறக்கமன்று. உறக்கம் கெட்ட நோயாளிகளிடம் சித்தக் குழப்பம் மிகுதியாகக் காணப்படுகின்றது.

வெளிச்சத்தை மட்டும் மாற்றினால் போதும் என்போரும் உளர். நெதர்லாந்தில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், பகலில் பிரகாசமான ஒளி அளித்தும் சித்தக் குழப்பம் குறையவில்லை. இதனால் முயற்சி வீண் என்று கொள்ளற்க. ஒளி, ஓசை, இடையூறு ஆகியவற்றை ஒருங்கே கவனிக்க வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. இரவில் விளக்கொளியைத் தணித்தல், அவசரமற்ற இரத்தப் பரிசோதனையையும் உடல் துடைத்தலையும் பகலுக்கு ஒத்திவைத்தல், தவிர்க்கவியலாத பணிகளை ஒரே வேளையில் முடித்தல், காதடைப்பும் கண்மறைப்பும் அளித்தல் ஆகியன எளிய மாவட்ட மருத்துவமனைக்கும் இயல்வனவே. உயிரைக் காக்கும் அவசரப் பணி எந்நேரமும் முந்தியதே, அதில் ஐயமில்லை. எஞ்சிய நேரத்திலேனும் நோயாளிக்கு இரவை இரவாக அளிப்பது சிகிச்சையின் ஓர் அங்கமெனக் கொள்ளப்பட வேண்டும். புதிய பிரிவுகளை அமைப்போர் படுக்கைகளையும் கருவிகளையும் எண்ணுவதோடு ஜன்னல்களையும் எண்ணுவார்களாக.