கருவளையத்துக்கு வெள்ளை மருந்தில்லை

சமீபத்திய கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, பூ ஜடை எல்லாம் அமர்க்களமாக இருக்கும். மணப்பெண்ணின் கண்ணுக்குக் கீழே மட்டும் அரைவட்டமாகச் சாம்பல் பூத்திருக்கும். கழுத்தும் கையும் நல்ல மாநிறம். முகம் மட்டும் யாரோ ஒருத்தியுடையது போல வெளிறிக் கிடக்கும். ஃபிளாஷ் வெளிச்சம் பட்ட படங்களில் அந்தச் சாம்பல் வெள்ளைத் திட்டாகவே தெரியும். கருவளையத்தை மறைக்கப் போட்ட கன்சீலரே அதை ஊருக்குக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

மேக்கப் போட்டவரின் கைத்திறனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கறுப்பை மறைக்க வெளுப்பு வேண்டும் என்ற கணக்கு நம் கடைகளிலும் பார்லர்களிலும் வீடுகளிலும் ஆழமாக ஊறியிருக்கிறது. அந்தக் கணக்கு தப்பு. ரசனை வேறுபாடு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. வண்ணங்கள் நடந்துகொள்ளும் விதத்துக்கே அது ஒத்துவராது.

நம் தோலில் கருவளையம் என்பது தனிக் கறுப்பாக இருப்பதில்லை. பழுப்பும் நீலமும் ஊதாவும் கலந்தே இருக்கும். அதன்மேல் வெளிர்நிறக் கன்சீலரைத் தடவினால், அதிலிருக்கும் டைட்டானியம் டைஆக்ஸைடின் வெண்மையும் அடியிலிருக்கும் நீலமும் சேர்ந்து சாம்பலாகின்றன. ஓவியம் படித்தவர்களுக்குத் தெரியும்: வண்ணச் சக்கரத்தில் நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு, சிவப்புக்கு எதிரே பச்சை. எதிரெதிர் நிறங்கள் ஒன்றையொன்று அடக்கிவிடும். அதனால்தான் வெளுத்த தோலின் கருவளையத்துக்கு பீச் நிறம், மாநிறத்துக்கு ஆரஞ்சு, நல்ல கறுப்புத் தோலுக்குச் சிவப்பு கலந்த ஆரஞ்சு என்று, கன்சீலருக்கு அடியில் போடும் கரெக்டரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

விஷயம் தெரிந்த மேக்கப் ஆர்ட்டிஸ்ட் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அரிசி அளவு கரெக்டர்தான் எடுப்பார். மோதிர விரல் நுனியால், மூக்கை ஒட்டிய கண்ணின் உள்மூலையில் தொடங்கி, கருமை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் ஒற்றுவார். அது தோலில் படியும்வரை காத்திருப்பார். பிறகுதான் முகத்தின் நிறத்திலேயே உள்ள கன்சீலர், அதுவும் மெல்லிய ஒரு பூச்சு. ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி, கடைசியில் கொஞ்சம் பவுடர். எங்கேயும் தேய்க்கவே மாட்டார். தேய்த்தால் அடியில் இருக்கும் ஆரஞ்சு மேலே வந்துவிடும். முழுப் பூச்சும் முடிந்த பிறகு அந்த முகம் அந்தப் பெண்ணின் முகமாகவே இருக்கும்.

முகச் சிவப்புக்குப் பச்சைக் கரெக்டர் என்று இணையக் காணொலிகளில் சொல்வதை நம்மூரில் அப்படியே பின்பற்றுவதிலும் சிக்கல் உண்டு. அந்த வழி வெள்ளைத் தோலை வைத்து எழுதப்பட்டது. மாநிறத்தில் பச்சை கொஞ்சம் கூடிவிட்டாலும் முகம் களையிழந்து போகும். லேசான சிவப்புக்கு மஞ்சள் சாயல் கொண்ட ஃபவுண்டேஷனே பெரும்பாலும் போதும். பரு வந்து சிவந்த இடத்தில், மூக்கின் ஓரத்தில் மட்டும் பச்சையைத் தொட்டு வைத்தால் சரி.

கடைக்குப் போனால் நடப்பது என்ன? கண் கூசும் வெள்ளை விளக்கின் கீழே, புறங்கையில் ஒரு கோடு இழுத்துக் காட்டுவார்கள். “உங்க கலரைவிட ஒரு ஷேடு லைட்டா எடுங்க மேடம், பளிச்சுன்னு இருக்கும்” என்பார்கள். புறங்கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. பார்க்க வேண்டிய இடம் தாடையின் ஓரம். அங்கே தடவிக்கொண்டு, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். பல ஃபவுண்டேஷன்கள் காற்றும் தோலின் எண்ணெயும் பட்டுச் சற்றே கருக்கும். கழுத்தோடு கலந்து எது காணாமல் போகிறதோ அதுதான் சரியான ஷேடு.

பாடகி ரிஹானா 2017-இல் தொடங்கிய ஃபென்டி பியூட்டி, முதல் நாளே 40 ஷேடு ஃபவுண்டேஷன்களோடு வந்தது. கருமையான ஷேடுகள் விற்காது என்று அதுவரை சாக்குச் சொல்லி வந்த நிறுவனங்கள் அவசர அவசரமாகத் தங்கள் வரிசையை நீட்டின. இந்தியாவில் 1975 முதல் விற்று வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயர் மாறிவிட்டது. ஆனால் சிறிய ஊர்களின் ஃபேன்சி ஸ்டோர்களில் இன்றும் வெளிர்நிற ஷேடுகள்தான் முன்வரிசையில் இருக்கின்றன. தமிழ்நாட்டின் பெரும்பாலான பெண்களின் தோலுக்குப் பொருந்தும் ஷேடைத் தமிழ்நாட்டுக் கடையில் தேடி அலைய வேண்டியிருப்பது நியாயமே இல்லை.

இந்தப் பேச்சு வந்தாலே, “இதெல்லாம் எதுக்கு, இயற்கையா இருக்கிறதுதான் அழகு” என்று சொல்பவர்கள் உண்டு. மறைப்புப் பூச்சின் வரலாற்றை அவர்கள் கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த லிடியா ஓ’லியரி முகத்தில் பெரிய செந்நிற மச்சத்தோடு பிறந்தவர். அந்த மச்சத்தைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்டதால், 1928-இல் தாமே ஒரு பூச்சைத் தயாரித்தார். கவர்மார்க் என்ற பெயரில் அது தீக்காயத் தழும்பு உள்ளவர்களுக்கும் வெண்புள்ளி உள்ளவர்களுக்கும் பயன்பட்டது. வேலைக்கான நேர்காணலுக்குப் போகும் ஒரு பெண் தன் முகத்தில் எதை மறைக்கலாம், எதைக் காட்டலாம் என்பது முழுக்க அவள் உரிமை. மறைப்பதில் எந்தத் தவறும் கிடையாது. எதை மறைக்கிறோம் என்று தெரியாமல் மறைப்பதில்தான் ஆபத்து.

கண்ணைச் சுற்றியுள்ள தோல் உடலிலேயே மிக மெல்லியது. அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அங்கே கருமை தெரியப் பல காரணங்கள் உண்டு. சிலருக்குப் பரம்பரையாக நிறமி அதிகம். சிலருக்கு மெல்லிய தோலின் வழியே ரத்தக்குழாய்கள் தெரிகின்றன. வேறு சிலருக்கு வயது ஏற ஏறக் கண்ணடியில் பள்ளம் விழுந்து, அதன் நிழல்தான் கருமையாகத் தோன்றுகிறது. தூசி அலர்ஜியால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பவர்களுக்கும் கருக்கும். கீழ் இமைத் தோலை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தால் ஓரளவு புரியும். நிறமி என்றால் இழுத்தாலும் அப்படியே இருக்கும், ரத்தக்குழாய் என்றால் நிறம் இன்னும் அழுத்தமாகும். நிழலாக இருந்தால் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பும்போது மாறும். நிழலுக்குக் கரெக்டரை அள்ளி அப்புவது வீண். அந்தப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் வெளிர்நிறம் தொட்டு வைத்தால் போதும். ஒரு ஷேடு வெளிறலுக்கு நியாயமான இடம் அது ஒன்றுதான்.

ரத்தசோகையையும் இங்கே சொல்லியாக வேண்டும். முகம் வெளிறும்போது கருவளையம் இன்னும் எடுப்பாகத் தெரியும். 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. எல்லாக் கருவளையத்துக்கும் ரத்தசோகை காரணமாகிவிடாது. என்றாலும் களைப்பும் மூச்சிரைப்பும் சேர்ந்திருந்தால், விலை உயர்ந்த கன்சீலர் வாங்குவதற்கு முன்பு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். செலவும் குறைவு.

முகச் சிவப்பின் கதை இதைவிடக் கவலை தருவது. நம் நாட்டில் முகம் சிவந்து, எரிந்து, வெயில் பட்டாலே காந்தும் நிலையில் வருபவர்களிடம் தோல் மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “என்ன க்ரீம் போட்டீங்க?” என்பதுதான். நிறம் கூட்டவும் கரும்புள்ளி போகவும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு க்ரீம் பல பேருடைய பதிலாக இருக்கும். இந்தியாவின் 12 மையங்களில் தோல் மருத்துவர்கள் 2,926 நோயாளிகளிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு க்ரீம் பயன்படுத்தி வந்தது தெரிந்தது. தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் வெளியே தெரிந்து, பரு வெடிக்கும் இந்த நிலைக்கு ‘ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்’ என்றே மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த க்ரீம் முதல் சில வாரங்களில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கும். நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் திரும்பி வரும். பயந்துபோய் மறுபடியும் தடவுவார்கள். சிவப்பை மறைக்கக் கன்சீலர், கன்சீலரைத் தாங்க முடியாத தோலுக்கு இன்னும் ஸ்டீராய்டு என்று சுழல் தொடரும். கண்ணைச் சுற்றி நீண்ட நாள் தடவினால் கண்ணழுத்தம் கூடும் அபாயமும் உண்டு. 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கலாம் என்று அட்டவணை எச்-இல் சேர்த்தது. அதன் பிறகும் சீட்டு கேட்காமல் டியூபை நீட்டும் கடைகள் இருக்கின்றன. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதில் கண்டிப்புக் காட்டியே ஆக வேண்டும். அழகு சாதனம் என்ற போர்வையில் மருந்து விற்பதைச் சின்னத் தவறாக எண்ணிவிடக் கூடாது.

மணப்பெண்ணுக்கு மேக்கப் போடுபவர்களும் இதில் உதவ முடியும். கல்யாணத்துக்கு முன்பு ட்ரையல் பார்க்கும் நாளிலேயே, முகத்துக்கு என்னென்ன போடுகிறார் என்று கேட்டுவிடலாம். சிவப்பு அடங்காத முகத்தில் பூச்சுக்கு மேல் பூச்சு ஏற்றுவதைவிட, தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்புவது பெரிய தொழில் நேர்மை.

இதைப் படிப்பவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் முக க்ரீம் டியூபை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் எதுவாவது அதில் இருந்து, மருத்துவர் சொல்லாமல் நீங்கள் போட்டுக்கொண்டிருந்தால், டியூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள். திடீரென்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. புறநோயாளி சீட்டு வாங்கிக் காட்டலாம். கன்சீலர் அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், உங்கள் கழுத்தின் நிறத்திலேயே.