ஒரு குச்சியில் இத்தனை உஷ்ணமா?

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவிலுக்குப் போய், கோமதி அம்மனைக் கண் குளிரத் தரிசித்து, ஓர் அகல் விளக்கும் ஏற்றி வைத்துவிட்டு வந்த சகோதரிகள் பலர் இருப்பீர்கள். அந்த விளக்கை ஏற்றிய தீக்குச்சியும் அநேகமாக அந்தச் சீமையில் பிறந்ததுதான். சங்கரன்கோவில், திருவேங்கடம், கழுகுமலை, கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று அந்தக் கரிசல் பூமி முழுவதும் தீப்பெட்டித் தொழில் பரவியிருக்கிறது. மழை பொய்த்த வருஷங்களில் எத்தனையோ வீடுகளில் உலை கொதிக்கக் காரணமாயிருந்தவை, குச்சி அடுக்கும் பெண்களின் கைகள்.

காஸ் அடுப்புக்கு 'லைட்டர்' வந்துவிட்ட பிறகும், பூஜை அறையில் தீப்பெட்டிதான். ஒரு நிமிஷம் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். குச்சி சில்லென்றிருக்கிறது, பெட்டியும் சில்லென்றிருக்கிறது. ஓர் உரசலில் எங்கிருந்து வந்தது அவ்வளவு உஷ்ணம்?

ரசாயனத்தில் ஒரு கணக்கு உண்டு. குடும்பக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு அது சுலபமாகப் புரியும். எந்த வஸ்துவிலும் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை விலக்கச் சக்தி செலவாகும். விலகிய அணுக்கள் புதிதாகக் கைகோக்கும்போது சக்தி வரவாகும். செலவை விட வரவு அதிகமானால், மிச்சம் உஷ்ணமாகவும் வெளிச்சமாகவும் நமக்குக் கிடைக்கிறது. வரவை விடச் செலவு அதிகமானால், அந்த மாறுதல் வெளியிலிருந்து சக்தியை வாங்கிக்கொள்ளும்.

லாபம் வரும் வியாபாரத்துக்கும் முதல் போட வேண்டாமா? உரசுகிறோமே, அதுதான் முதல். பெட்டியின் பக்கத்தில் பூசியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும். உரசும் சூட்டில் துளிப் பாஸ்பரஸ் பற்றிக்கொள்கிறது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. அது சூடானதும் பிராணவாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயுவில் கந்தகம் எரிகிறது, பிறகு மெழுகு, கடைசியில் மரம். ஒன்றின் லாபம் அடுத்ததற்கு முதலாகிறது.

அந்த மரத்துக்கு மட்டும் சக்தி ஏது? குச்சிக்கான மரம் பெரும்பாலும் கேரளத்திலிருந்து வருகிறது. அங்கே இலைகள் வெயிலை வாங்கி, தண்ணீரையும் கரியமில வாயுவையும் சேர்த்து மரமாக்கின. வருஷக் கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த வெயில், நம் விரல் நுனியில் சில விநாடிகளில் செலவாகிவிடுகிறது!

மழைக்காலத்தில் குச்சி நமுத்துப்போய்ப் பற்றாமல் சோதிப்பதும் இதே கணக்கினால்தான். உரசலில் பிறக்கும் கொஞ்ச உஷ்ணத்தையும் ஈரம் வாங்கிக்கொள்கிறது. முதலே கரைந்துபோனால் லாபம் ஏது?

மருந்தைப் பாதி குச்சியிலும் பாதி பெட்டியிலுமாக ஏன் பிரித்து வைத்தார்கள்? அதன் பின்னே பெண்களின் கண்ணீர் இருக்கிறது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், எங்கே தேய்த்தாலும் பற்றிக்கொள்ளும் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிகள்தான் அதிகம் செய்யப்பட்டன. அதன் புகையைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பே அழுகிப்போயிற்று. 1888-ல் லண்டனில் பிரையண்ட் அண்டு மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, உலகம் திரும்பிப் பார்த்தது. ஸ்வீடன் தேசத்துப் பாஷ் என்ற ரசாயன அறிஞர், பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து பெட்டிக்கு மாற்றும் வழியை 1844-லேயே கண்டுபிடித்திருந்தார். இருந்தும், வெள்ளைப் பாஸ்பரஸை விலக்க 1906-ல் பெர்ன் நகரில் பல தேசங்கள் கூடி ஒப்பந்தம் செய்ய வேண்டியிருந்தது. இந்தியாவில் 1913-ல் அதைத் தடுத்துச் சட்டம் வந்தது.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று இத்தொழிலைக் கற்று வந்தார்கள். வறண்ட பூமிக்குப் பிழைப்பு வந்தது. கூடவே வேறொரு வேதனையும் வந்தது. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிஞ்சு விரல்கள் குச்சி அடுக்கின. 1986-ம் வருஷச் சட்டம் பதினாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டும் சிவகாசிக் குழந்தைகள் வழக்கில் கண்டிப்பான தீர்ப்பு அளித்தது.

2007-ல் ஒரு ரூபாயான தீப்பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாயிற்று. பதினாலு வருஷம் விலை ஏறாத சாமான் வேறு எது நம் வீட்டில் இருக்கிறது, சொல்லுங்கள்!

தீப்பெட்டியை ஈரம் படாத இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். எரிந்த குச்சியைத் தண்ணீரில் நனைத்துப் பிறகு எறியுங்கள். குச்சி பற்றவில்லையே என்று அலுத்துக்கொள்ளும்போது, அதை அடுக்கிய கை ஒன்று உண்டு என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.