கோவிசின்ட்: வாங்குகிறவனே கட்டிய சந்தை

மின் வணிகப் பாடங்களில், தோற்றுப்போன கம்பெனிகளின் வரிசையில் கோவிசின்ட் என்ற பெயர் ஒரு ஓரமாக வரும். ஏன் தோற்றது என்பதற்கு இரண்டு வரிக் காரணமும் இருக்கும். ஒன்று, டாட் காம் குமிழி உடைந்தது. இரண்டு, தொழில்நுட்பம் பக்குவப்படவில்லை. தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் விழும். ஆனால் இது பாதி உண்மைகூட இல்லை. நேரம் சரியில்லாததால் கோவிசின்ட் விழுந்தது என்பது, அதைக் கட்டியவர்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்ட நற்சான்றிதழ். அதன் கோளாறு பிறவிக் கோளாறு.

முதலில் கதை. 1999 நவம்பர் 2-ம் தேதி, ஒரே நாளில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ், காமர்ஸ் ஒன் கம்பெனியோடு சேர்ந்து இணையத்தில் ஒரு கொள்முதல் சந்தை தொடங்கப் போவதாகச் சொன்னது. ஃபோர்டு, ஆரக்கிளோடு சேர்ந்து இன்னொன்று தொடங்கப் போவதாகச் சொன்னது. இரண்டு பேருக்கும் உதிரிபாகம் கொடுக்கிற சப்ளையர்கள் தலையில் கை வைத்தார்கள். ஆளுக்கொரு முறை, ஆளுக்கொரு மென்பொருள், ஆளுக்கொரு செலவு என்றால் யாரால் தாங்க முடியும்? 2000 பிப்ரவரி 25-ல் இரண்டு கம்பெனிகளும் டெய்ம்லர்கிரைஸ்லரோடு சேர்ந்து, மூவருக்கும் பொதுவாக ஒரே சந்தை என்று அறிவித்தன. ரெனோவும் நிசானும் பின்னால் வந்து சேர்ந்தன. அந்தச் சந்தைக்கு வைத்த பெயர்தான் கோவிசின்ட். டெட்ராய்ட் மூவர் மட்டும் ஆண்டுக்கு வாங்குகிற பொருளின் மதிப்பு சுமார் 24,000 கோடி டாலர் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். அத்தனையும் இணையத்தில் ஓடும், செலவு குறையும், கம்பெனியைப் பங்குச் சந்தையில் விட்டால் பணம் கொட்டும்... இதுதான் கனவு.

சரி, இதில் என்ன தப்பு? ஒரு சாதாரண சந்தையை நினைத்துப் பாருங்கள். நூறு விவசாயிகள் காய்கறி கொண்டுவருகிறார்கள். வாங்க மூன்று பெரிய வியாபாரிகள்தான். இடம் அந்த மூவருடையது. தராசு அவர்களுடையது. விலைப்பலகை எழுதுகிறவர் அவர்கள் சம்பளத்தில் இருக்கிறவர். உள்ளே வர விவசாயிக்கு நுழைவுக் கட்டணமும் உண்டு. இதற்குப் பெயர் சந்தையா?

அமெரிக்காவின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. விசாரித்தது. 2000 செப்டம்பர் 11-ல் தடை சொல்லாமல் விட்டது. ஆனால் அப்போது சொன்னதைக் கவனிக்க வேண்டும். சந்தை இன்னும் இயங்கவே தொடங்காததால் அது போட்டியைக் கெடுக்குமா என்று முடிவு செய்ய முடியாது, தேவைப்பட்டால் பிறகு நடவடிக்கை எடுக்கும் உரிமை இருக்கிறது என்றது. 'குற்றமில்லை' என்பதும் 'இப்போதைக்குத் தெரியவில்லை' என்பதும் ஒன்றல்ல. கோவிசின்ட்காரர்கள் முதலாவதைத்தான் கேட்டதுபோல் நடந்துகொண்டார்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மூவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே விலை பேசவில்லை. அவரவர் ஏலத்தை அவரவர்தான் நடத்தினார்கள். ஆகவே சட்டப்படி இது கூட்டுச்சதி அல்ல. ஆனால் சட்டத்தில் மாட்டாத எல்லாமே நல்ல வியாபாரம் ஆகிவிடுமா?

கோவிசின்ட்டில் அதிகம் பேசப்பட்ட சமாச்சாரம் தலைகீழ் ஏலம். சாதாரண ஏலத்தில் விலை ஏறும், இதில் இறங்கும். 'இந்தப் பாகம் இத்தனை லட்சம் வேண்டும், யார் குறைவாகத் தருவீர்கள்?' என்று வாங்குகிறவர் கேட்பார். சப்ளையர்கள் திரையைப் பார்த்துக்கொண்டே, போட்டியாளரைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு போவார்கள். 2001 மே மாதம் டெய்ம்லர்கிரைஸ்லர் நாலே நாளில் சுமார் 350 கோடி யூரோ மதிப்புள்ள ஆர்டருக்கு இப்படி ஏலம் விட்டது. உலகிலேயே பெரிய இணைய ஏலம் என்று பெருமையும் அடித்துக்கொண்டது.

இந்த ஏலம் எப்படிப்பட்டது என்று புரிய வெளிநாட்டுப் புத்தகம் தேவையில்லை. ஏலச்சீட்டு போதும். 20 பேர், ஆளுக்கு 5,000 ரூபாய், மொத்தம் ஒரு லட்சம். யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குச் சீட்டு. ஒருவர் 30,000 தள்ளி, 70,000-க்கு எடுக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? அவர் கெட்டிக்காரர் என்றா? மகள் கல்யாணமோ, ஆஸ்பத்திரிச் செலவோ, கழுத்தை நெரிக்கும் கடனோ இருக்கிறது என்று அர்த்தம். ஏலச்சீட்டில் ஜெயிப்பது, மற்றவர்களைவிட அவசரம் அதிகமாக இருக்கிறவர்.

தலைகீழ் ஏலத்திலும் அதே கதைதான். எந்திரங்கள் சும்மா நிற்கின்றன, வங்கிக்கு வட்டி கட்ட வேண்டும், ஆட்களை அனுப்ப மனமில்லை. அப்படிப்பட்ட தொழிற்சாலைதான் கடைசி ரூபாய் வரை இறங்கும். காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இது தெரியும். மாறுபடும் செலவு மட்டும் வந்தால் போதும், நிலையான செலவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ஆர்டரை எடுக்கலாம். எல்லா ஆர்டரையும் அப்படியே எடுத்தால் கடை மூடும். இந்த ஏலம் அந்தத் தவறைச் செய்யச் சொல்லித் தூண்டுகிற ஏற்பாடு.

ஏலச்சீட்டிலாவது ஒரு தர்மம் இருக்கிறது. தள்ளிய 30,000 ரூபாயில் நடத்துகிறவர் கமிஷன் போக மீதி, எடுத்தவர் உட்பட எல்லா உறுப்பினர்களுக்கும் பிரியும். கோவிசின்ட்டில் தள்ளிய காசு முழுக்க ஒரே பக்கம் போனது. இதை 'செயல்திறன்' என்று அழைத்தார்கள். ஒருவன் பாக்கெட்டிலிருந்து இன்னொருவன் பாக்கெட்டுக்குப் பணம் மாறினால் அது இடமாற்றம். செயல்திறன் என்றால் எங்காவது வீணாவது குறைய வேண்டும்.

டெட்ராய்ட் சப்ளையர்களுக்கு இது புது அனுபவமும் அல்ல. 1992-ல் ஜெனரல் மோட்டார்ஸின் கொள்முதல் தலைவராக வந்த ஹோசே இக்னாசியோ லோபெஸ், ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களைக்கூடத் திரும்பத் திறந்து விலையைக் குறைக்கச் சொன்னவர். அடுத்த வருடமே அவர் ஃபோக்ஸ்வாகனுக்குப் போய்விட்டார். ஆனால் அந்த வடு போகவில்லை. சூடுபட்ட பூனைகளிடம் போய், 'வாருங்கள், உங்கள் விலை விவரம், கொள்ளளவு, உற்பத்தித் திட்டம் எல்லாவற்றையும் எங்கள் கணினியில் போடுங்கள், எல்லோருக்கும் லாபம்' என்றால் யார் நம்புவார்கள்?

நம்பவில்லை. அதற்கு அத்தாட்சியும் இருக்கிறது. அதே 2000-ம் ஆண்டில் ஜெர்மனியில் போஷ், கான்டினென்டல், இசட்.எஃப்., ஐ.என்.ஏ. ஆகிய சப்ளையர்கள் எஸ்.ஏ.பி. மென்பொருள் கம்பெனியோடு சேர்ந்து சப்ளைஆன் என்று சொந்தமாக ஒரு தளம் தொடங்கினார்கள். குமிழி உடைந்த காலம் அவர்களுக்கும் அதேதான். தொழில்நுட்பமும் அதே அளவு பச்சைதான். ஆனால் சப்ளைஆன் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 'நேரம் சரியில்லை' என்கிற வாதம் இங்கே படுத்துவிடுகிறது.

இன்னொரு பக்கம், டொயோட்டாவும் ஹோண்டாவும் கோவிசின்ட்டில் பங்குதாரர்களாகச் சேரவில்லை. ஃபோக்ஸ்வாகன் தனக்கென்று தனியாகக் கட்டிக்கொண்டது. டொயோட்டாவும் சப்ளையரிடம் விலையைக் குறைக்கத்தான் சொல்லும். அதில் கருணை எதுவும் இல்லை. ஆனால் தன் பொறியாளர்களை சப்ளையரின் தொழிற்சாலைக்கே அனுப்பி, எங்கே வீணாகிறது என்று சேர்ந்து தேடி, செலவைக் குறைத்து, பிறகு விலையைக் குறைக்கும். அடுத்த மாடலுக்கும் ஆர்டர் வரும் என்ற நம்பிக்கை இருப்பதால் சப்ளையரும் ஒத்துழைப்பார். அடுத்த வாரமே ஏலத்தில் தூக்கி எறியப்படலாம் என்றால் எவன் தன் யோசனையைச் சொல்வான்?

கோவிசின்ட்டின் தலைமையைப் பார்த்தாலும் அது யாருடைய கடை என்று புரியும். அறிவிப்பு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான், 2001 ஏப்ரலில், கெவின் இங்கிலிஷ் என்ற நிரந்தரத் தலைமை நிர்வாகி வந்தார். கார் தொழிலுக்கு வெளியே இருந்து வந்தவர். 2002 ஜூனில் போய்விட்டார். அந்த நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் ஹெரால்ட் கட்னர். ஜெனரல் மோட்டார்ஸின் கொள்முதல் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர்! நடுநிலையான சந்தையாம்.

முடிவு சீக்கிரமே வந்தது. 2003 கடைசியில் ஏலப் பிரிவை ஃப்ரீமார்க்கெட்ஸ் கம்பெனிக்கு விற்றார்கள். 2004-ல் மீதியை டெட்ராய்ட்டின் கம்ப்யூவேர் வாங்கியது. ஆயிரக்கணக்கான கோடி டாலர் புரளும் என்று தொடங்கிய கடை, செய்திகளின்படி வெறும் 70 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

அதன் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். கம்ப்யூவேரின் கையில் கோவிசின்ட் பிழைத்துக்கொண்டது. எதை வைத்து? கம்பெனிகளுக்கு இடையே தகவல் அனுப்புவது, ஒரே கடவுச்சொல்லில் பல கம்பெனிகளின் தளங்களுக்குள் நுழைவது போன்ற சாதாரண வேலைகளை வைத்து. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நிஜமாகவே தொல்லை குறைந்த வேலைகள் அவை. 2013-ல் பங்குச் சந்தைக்குக்கூட வந்தது. 2017-ல் ஓபன்டெக்ஸ்ட் அதை 10 கோடி டாலருக்குச் சற்று அதிகமாகக் கொடுத்து வாங்கியது. இரண்டு பக்கமும் பயன்பட்ட பகுதி வாழ்ந்தது. ஒரு பக்கத்தைப் பிழிய வைத்திருந்த பகுதி முதலில் போனது.

'விலை குறைந்தால் கார் வாங்குகிறவனுக்கு நல்லதுதானே, சப்ளையர் பாவம் பார்த்தா தொழில் நடத்த முடியும்?' என்று சிலர் கேட்கலாம். அதற்கு டெட்ராய்ட்டே பதில் சொல்லியிருக்கிறது. 2005-ல் டவர் ஆட்டோமோட்டிவ், காலின்ஸ் அண்ட் எய்க்மன், டெல்ஃபை என்று பெரிய சப்ளையர்கள் வரிசையாகத் திவாலானார்கள். இதற்குக் கோவிசின்ட் காரணம் என்று சொல்வது அபத்தம். எஃகு விலை, கடன், குறைந்த உற்பத்தி, ஓய்வூதியச் சுமை என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் வருடா வருடம் விலையைக் குறை என்று பிழிந்த பழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. வேலை போனது தொழிலாளிகளுக்கு. 2006 அக்டோபரில் காலின்ஸ் அண்ட் எய்க்மன் விலைத் தகராறில் சரக்கை நிறுத்தியபோது, மெக்சிகோவில் ஃபோர்டின் எர்மோசியோ தொழிற்சாலையும் நின்றது. பிழிந்த கைக்கும் வலித்தது.

அதே ஃபோர்டு, 2005 செப்டம்பரில் ஒரு புதுத் திட்டம் அறிவித்திருந்தது. குறைந்த எண்ணிக்கையில் சப்ளையர்கள், நீண்ட கால ஒப்பந்தம், திட்டமிடும்போதே விவரங்களைப் பகிர்ந்துகொள்வது. டொயோட்டா பல வருடமாகச் செய்துவந்ததுதான்! ஐந்து வருடம் கழித்து, பெரிய செலவுக்குப் பிறகு கிடைத்த ஞானோதயம்.

இன்றைக்கும் புதுசு புதுசாக 'பிளாட்ஃபார்ம்' வருகிறது. விற்கிறவரையும் வாங்குகிறவரையும் இணைக்கிறோம், இடைத்தரகர் இல்லை, எல்லோருக்கும் லாபம் என்ற அதே வசனம். வணிகவியல் படிக்கிறவர்கள் ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேட்டால் போதும். கடை யாருடையது? தராசு யார் கையில்? மிச்சமாகிற காசு யார் பாக்கெட்டுக்குப் போகிறது? மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் அதைச் சந்தை என்று எழுதாதீர்கள், தேர்விலும் சரி, வெளியிலும் சரி.