மாகாண சபைத் தேர்தல்: எங்கள் பெயரில் பூட்டியதைத் திறவுங்கள்

எல்லை நிர்ணயம் முடியாமல் மாகாண சபைத் தேர்தலை நடத்த முடியாது என்ற பேச்சு அரசாங்கத் தரப்பில் மறுபடியும் எழுந்திருக்கிறது. வடக்கு, கிழக்கிலுள்ள எமது பெண்கள் ஒன்றியத்தின் மாவட்டக் கிளைகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க நிர்வாகக் குழு இரண்டு நாட்கள் கூடி இந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டது. சில வசனங்களில் எல்லோருக்கும் முழு உடன்பாடு இல்லை. தேர்தல் நடக்க வேண்டும், இனியும் இழுத்தடிக்காமல் நடக்க வேண்டும் என்பதில் ஒருவர்கூட மாறுபடவில்லை.

வரலாறு அங்கத்தவர்களுக்குத் தெரியும். 1987 இலிருந்து திரும்பச் சொல்லப்போவதில்லை. ஆனால் 2017 செப்டெம்பர் 20 பற்றிப் பேசாமல் இந்த அறிக்கையை எழுத எங்களால் முடியவில்லை. அந்தப் பகுதி நீண்டுவிட்டது என்று குழுவில் இருவர் சொன்னார்கள். நீளட்டும் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

அந்த வருடம் ஜூலையில் வர்த்தமானியில் வந்த மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலத்தின் சாரம் ஒன்றுதான்: வேட்பாளர் பட்டியலில் நூற்றுக்கு முப்பது பேராவது பெண்களாக இருக்க வேண்டும். அதைப் பிரதி எடுத்துக் கிளைகளுக்குக் கொடுத்தோம். மாதர் சங்கக் கட்டடத்தில் பாய் விரித்து இருந்து வாசித்தோம். யார் யார் தேர்தல் கேட்கலாம் என்று நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் பெயர் எழுதினோம். முன்பள்ளி ஆசிரியை ஒருவர், மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதுபவர் ஒருவர், காணாமலாக்கப்பட்ட கணவரைத் தேடி ஆணைக்குழு ஆணைக்குழுவாகச் சாட்சி சொன்னவர்கள் இருவர். இப்படிப் பதினொரு பெயர். கொப்பி இன்னும் அலுவலக அலுமாரியில் இருக்கிறது.

அதே நாட்களில் எல்லா மாகாண சபைத் தேர்தல்களையும் ஒரே நாளில் வைக்கப்போவதாகச் சொல்லி அரசியலமைப்புக்கு 20 ஆவது திருத்தச் சட்டமூலம் ஒன்று வந்தது. அதற்குச் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். அந்த வழி அடைபட்டதும் எங்கள் சட்டமூலத்தின் பக்கம் திரும்பினார்கள். குழுநிலையில் பக்கம் பக்கமாகத் திருத்தங்கள் வந்து விழுந்தன. பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் என்று கலப்பு முறை. தொகுதிகளுக்குப் புதிய எல்லை. எல்லை போட்டு முடியும்வரை தேர்தல் இல்லை. செப்டெம்பர் 20 காலையில் பெண்களுக்காக எடுத்த சட்டமூலம், மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு வெளியே வந்தபோது தேர்தலை நிறுத்தும் சட்டமாக இருந்தது. மகளின் பெயரில் காணி எழுதிவிட்டு உறுதியைத் தமையன் தன் பெட்டியில் வைத்துப் பூட்டியது போல.

அந்தச் சட்டத்திலும் பெண்களுக்கு இடம் எழுதித்தான் இருக்கிறது. நடக்காத தேர்தலில் எத்தனை வீதம் தந்தால் என்ன?

வர்த்தமானியில் வந்த சட்டமூலத்தை எதிர்த்துக் குறித்த நாட்களுக்குள் பிரஜை எவரும் உயர் நீதிமன்றம் போகலாம். குழுநிலையில் நுழைந்த திருத்தத்தை எதிர்த்து எங்கே போவது? சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால் அந்தச் சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது என்கிறது அரசியலமைப்பின் 80 ஆவது உறுப்புரை. குழுநிலைத் திருத்தம் சட்டமூலத்தின் அடிப்படையை மாற்றக் கூடாது என்பது பாராளுமன்றத்தின் சொந்த மரபு. அன்று அந்த மரபு எங்கே போனது என்று யாரும் எங்களுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

எங்கள் வாக்குகளை வாங்கிச் சென்றவர்களும் அன்று ஆதரவாகவே வாக்களித்தார்கள். அன்றைய சூழ்நிலையின் நெருக்கடியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற அபிப்பிராயம் குழுவில் முன்வைக்கப்பட்டது. அதைப் பதிவு செய்கிறோம். பின்னர் பழைய முறைக்குத் திரும்பத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தவர் அதே தரப்பின் எம்.ஏ. சுமந்திரன் என்பதையும் பதிவு செய்கிறோம். நல்லது. கொப்பியில் பெயர் எழுதிய பதினொரு பேரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வேலையே வந்திராது.

பிறகு நடந்தது கூத்து. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24 அன்று பாராளுமன்றத்தில் தோற்றது. எதிராக 139, ஆதரவாக ஒன்றுமில்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். மீளாய்வுக்குப் பிரதமர் தலைமையில் குழு போட்டார்கள். இரண்டு மாதத் தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணை இன்னும் முடியவில்லை போலும். பழைய முறையில் தேர்தல் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. புதிய முறையில் வைக்க எல்லை இல்லை. கிழக்கில் 2017 முதலும் வடக்கில் 2018 ஒக்டோபர் முதலும் ஆளுநர்தான் எல்லாம். முன்பள்ளி ஆசிரியைகளின் கொடுப்பனவு பற்றிக் கேட்க ஒரு மாகாண சபை உறுப்பினர் இல்லை. மனுவை எடுத்துக்கொண்டு ஆளுநர் செயலக வாசலில் நிற்கிறோம்.

எந்தத் தேர்தல் முறை என்ற கேள்வியில் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் கலப்பு முறையும் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் ஒன்றாக வந்தன. அதுவரை நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் இருந்த பெண்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினார்கள். பெரும்பாலோர் பட்டியல் வழியாகத்தான் வந்தார்கள். வெல்லக்கூடிய வட்டாரங்களைக் கட்சிகள் ஆண்களுக்கே கொடுத்தன. “பட்டியலில் வந்தவள்தானே” என்ற பேச்சைப் பிரதேச சபைகளில் கேட்டுப் பழகிவிட்டோம். ஆகவே கலப்பு முறையை ஒன்றியம் முற்றாக நிராகரிக்கவில்லை. அதேவேளை அது பெண்களுக்குத் தானாகவே சாதகமானது என்ற வாதத்தையும் தற்போதைய நிலையில் ஏற்க முடியாதுள்ளது. பழைய முறையின் விருப்பு வாக்குப் போட்டியில் காசில்லாத பெண் எப்படி நிற்பது என்ற கேள்விக்கும் எங்களிடம் முழுமையான விடை இல்லை.

இவை எதுவும் தேர்தலை இன்னும் ஒரு வருடம் தள்ளக் காரணமாகாது. 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விகிதாசார முறைக்கு இந்த ஒரு தேர்தலுக்கேனும் திரும்ப வேண்டும். 2017 ஜூலையில் வர்த்தமானியில் இருந்த நூற்றுக்கு முப்பது என்ற ஏற்பாட்டை அதனுடன் சேர்க்க வேண்டும். வேறு எதையும் சேர்க்கக் கூடாது. இதற்கு ஒரு பக்கத் திருத்தம் போதும்.

தேசிய மக்கள் சக்தி 2024 விஞ்ஞாபனத்தில் ஓராண்டுக்குள் மாகாண சபைத் தேர்தல் என்று சொன்னது. 159 ஆசனங்களும் கிடைத்தன. உள்ளூராட்சித் தேர்தலை 2025 மே 6 இல் நடத்தவும் முடிந்தது. மாகாண சபைக்கு மட்டும் எல்லை குறுக்கே வருகிறது.

காணி, பொலிஸ் அதிகாரங்கள் குறித்த எமது முன்னைய நிலைப்பாட்டில் மாற்றமில்லை. 13 ஆவது திருத்தம் தீர்வா இல்லையா என்பதில் அங்கத்தவர்களிடையே வேறுபாடு உண்டு. இவ்வறிக்கை அதற்குள் போகவில்லை. தேர்தலுக்குச் செலவாகும் என்ற வாதத்துக்குப் பதில் எழுதத் தேவையில்லை என்று குழு கருதியது.

கொப்பியை இந்தக் கூட்டத்தில் எடுத்துப் பார்த்தோம். பதினொரு பேரில் ஒருவர் காலமாகிவிட்டார். இருவர் வெளிநாடு போய்விட்டார்கள். முன்பள்ளி ஆசிரியை இன்னும் கேட்கத் தயார் என்கிறார். கணவரைத் தேடும் இருவரில் ஒருவர் இனி வேண்டாம் என்கிறார். ஒவ்வொரு கிளையும் மாத இறுதிக்குள் புதிய பெயர்களை அனுப்ப வேண்டும்.

திருத்தச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வரும் நாளில் எமது அங்கத்தவர் இருவர் பார்வையாளர் கலரியில் இருப்பார்கள். இரண்டாம் வாசிப்பு முடிந்ததும் எழுந்து வரமாட்டார்கள். குழுநிலை முடியும்வரை இருப்பார்கள்.